எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியபின் அம்பாசிடரில் ஆர்பிஎம் முள் குதிக்கிறது, வண்டி திக்குகிறது: உதவி தேவை

சேலம்_மார்க்4
எல்லோருக்கும் வணக்கம். 1986 மாடல் அம்பாசிடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். அப்பா வாங்கிய வண்டி. டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போட்டதைத் தவிர அவர் எதையும் மாற்றியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாயின்டை (தீப்பொறிக்கான கரண்டை விட்டு அறுக்கும் சின்ன சுவிட்ச்) தேய்ப்பதும் அதற்கு இடைவெளி வைப்பதும் எனக்குக் கைவராத வேலை என்பதால், பாயின்ட் இருந்த இடத்தில் உட்காரும் எலக்ட்ரானிக் கிட் ஒன்றை வாங்கினேன். தீப்பொறியை நாலு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், சுற்றும் ரோட்டாருக்குக் கீழே காந்த வளையம், பக்கத்தில் கறுப்பாக ஒரு சென்சார், வெளியே இரண்டு வயர்: சிவப்பு காயில் பாசிட்டிவுக்கு, கறுப்பு காயில் நெகட்டிவுக்கு (பேட்டரி வோல்ட்டைத் தீப்பொறிக்கு வேண்டிய அளவு ஏற்றுவதுதான் காயில்). கூடவே கடைக்காரர் சொன்னார் என்று "ஹை எனர்ஜி" காயில், செம்புக் கம்பி போட்ட தடித்த பிளக் வயர், டேஷ்போர்டில் ஒரு ஆர்பிஎம் மீட்டர். எல்லாம் ஒரே நாளில் மாட்டியது.

முதல் இரண்டு வாரம் பிரமாதம். அரைத் திருகில் ஸ்டார்ட். இப்போது:

ஸ்லோவில் நின்றாலே ஆர்பிஎம் முள் 800க்கும் 3000க்கும் குதிக்கிறது. ரேடியோ போட்டால் ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து கரகரவென்று சத்தம். நாற்பது நிமிடம் ஓடினால் இன்ஜின் பொட்டென்று நிற்கிறது; அரை மணி ஆறவிட்டால் மறுபடி எடுக்கிறது. எல்லாவற்றையும்விட, ஓமலூர் ரோட்டில் 50, 60ல் லேசாகக் கால் வைத்துப் போகும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் திக்குகிறது. போன ஞாயிறு ஏற்காடு ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரு மிஸ்ஸிங்கூட இல்லை. சமதளத்தில்தான் படுத்துகிறது.

மெக்கானிக் மாட்யூலை, அதாவது அந்தக் கறுப்பு சென்சாரை, மாற்று என்கிறார். இரண்டாவது மாட்யூல் வாங்குவதற்கு முன் உங்களைக் கேட்கிறேன்.

பழைய_பத்மினி
என் பிரீமியர் பத்மினியில் இன்னும் பாயின்ட்தான். நடுரோட்டில் நின்றால் ஒரு உப்புத்தாளும் ஒரு தீப்பெட்டி அட்டையும் போதும், வீடு வந்து சேரலாம். எலக்ட்ரானிக் போனால் போனதுதான். பழையதைக் கழற்றி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? திருப்பிப் போடுங்கள்.

கோவை_ஆட்டோ_எலக்ட்ரிக்
தம்பி, அவசரப்பட்டு எதையும் வாங்காதீங்க. பத்மினி அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பழைய பாயின்டும், அதில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரும் டிக்கியிலேயே இருக்கட்டும். ஆனால் நான் முப்பது வருடமாகப் பார்ப்பதில் இந்த மாட்யூல்கள் தானாகச் சாவது குறைவு. நாம்தான் சாகடிக்கிறோம்.

நாலு சாமானை ஒரே நாளில் மாட்டியதால் எது என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக அளந்து எழுதுங்க.

முதலில் காயில். இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே ஓம் பாருங்க. அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதைக் கழிக்கணும். சின்ன எண்களில் இந்தக் கழித்தல் இல்லாவிட்டால் அளந்ததே வீண். கிட் பெட்டியில் வந்த தாளில் குறைந்தபட்ச காயில் ஓம் என்று ஏதாவது போட்டிருக்கிறதா என்றும் பாருங்க.

அடுத்து வோல்ட். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை காயில் பாசிட்டிவில். இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பதுதான் வேண்டும். அளக்கும் நேரம் மட்டும் காயில் நெகட்டிவை ஒரு வயரால் எர்த்தில் (வண்டியின் உடம்பில்) தொடுங்க. காயிலில் கரண்ட் ஓடாமல் அளந்தால் துருப்பிடித்த சுவிட்ச்கூட நல்ல சுவிட்ச் போலத்தான் காட்டும். ஐந்து வினாடிக்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது, பேட்டரி நெகட்டிவுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் நடுவே அதே மாதிரி. சாவியை ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க, மாட்யூல் வெந்துவிடும்.

சேலம்_மார்க்4
அண்ணா, அளந்துவிட்டேன். மீட்டர் முனைகளைத் தொட்டால் 0.3 ஓம். காயிலில் 1.0. கழித்தால் 0.7.

பேட்டரியிலிருந்து காயில் பாசிட்டிவுக்கு 2.4 வோல்ட் தொலைகிறது. எர்த் பக்கம் 0.08.

கிட் தாளில் பொடி எழுத்தில் "நாலு சிலிண்டருக்கு 3 ஓமுக்குக் குறைந்த காயில் பயன்படுத்தக் கூடாது" என்று இருக்கிறது. இதை நான் படிக்கவேயில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை.

கோவை_ஆட்டோ_எலக்ட்ரிக்
நாற்பது நிமிடத்தில் நிற்பதற்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

3 ஓம் காயிலில் 14 வோல்ட் கொடுத்தால் ஐந்து ஆம்பியருக்குள்தான் போகும். அம்பாசிடரின் பாயின்டும் சுவிட்சும் வயரும் அந்தக் கணக்குக்குச் செய்தவை. 0.7 ஓம் காயிலில் கணக்குப்படி 20 ஆம்பியர். சுவிட்சிலும் பழைய வயரிலும் கொஞ்சம் தொலைவதால் அவ்வளவு வரவில்லை, ஆனாலும் அந்தச் சின்ன மாட்யூலுக்கு இது தாங்காத சுமை. இந்த மாதிரி குறைந்த ஓம் காயில் புதிய வண்டிகளுக்கானது. அங்கே கம்ப்யூட்டர் சில மில்லி செகண்ட் மட்டும் காயிலுக்குக் கரண்ட் விட்டு உடனே நிறுத்தும். உங்கள் கிட்டில் அந்த அறிவு கிடையாது. ஸ்லோவில் இன்ஜின் எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறதோ அவ்வளவு நேரம் காயில் ஆனில் கிடக்கும். சூடாகும், மாட்யூல் உள்ளே துண்டிக்கும், வண்டி நிற்கும், ஆறினால் எடுக்கும். நீங்கள் எழுதிய அதே கதை.

கரண்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு வரும் 1.5 ஓம் காயிலையும் தனியாகப் போட்டுவிடாதீங்க. பேலஸ்ட் தேவைப்படாத 3 ஓம் காயில் என்று கேட்டு வாங்குங்க, வாங்கும் இடத்திலேயே மீட்டர் வைத்துப் பாருங்க. சென்னைப் பக்கம் யாராவது போனால் ஜி.பி. ரோட்டில் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். பழைய காயிலே நன்றாக இருந்தால் அதுவே போதும்.

புதுக் காயில் போட்டபின் பாசிட்டிவ் பக்கத்தை மறுபடி அளங்க. அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் ஒரு ரிலே போடுங்க. சாவி ரிலேயை மட்டும் தூக்கட்டும், காயிலுக்கும் மாட்யூலுக்கும் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராகக் கரண்ட் வரட்டும்.

யாழ்_கேம்பிரிட்ஜ்
வணக்கம் தம்பி. என்னட்ட இருக்கிறது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55. உங்கட அம்பாசிடருக்கும் இதுக்கும் ஒரே பி சீரிஸ் இன்ஜின்தான், 1489 சிசி. சண்டைக் காலத்தில பெற்றோல் வராதபோது யாழ்ப்பாணத்தில இந்த இன்ஜின்களை ஸ்டார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெயில ஓட்டினவங்கள். அதால இதன்ர ஒவ்வொரு ஆணியும் எங்களுக்குப் பழக்கம்.

இரண்டு விசயம். ஒண்டு, கண்டென்சர். பாயின்டோட இருந்த கண்டென்சரை நீங்கள் கழற்றிப்போட்டீங்களோ? சிலர் அதை காயில் நெகட்டிவில அப்பிடியே விட்டிடுவினம். பாயின்டுக்குத்தான் அது வேணும், மாட்யூலுக்கு வேண்டாம்.

மற்றது, உங்கட வண்டி நெகட்டிவ் எர்த் எண்டு நினைக்கிறன், ஆல்டர்னேட்டர் ஓடுதே. என்ர வண்டி கொம்பனியிலயிருந்து வரேக்க பாசிட்டிவ் எர்த். அதில நெகட்டிவ் எர்த் கிட்டை மாத்திக் கொழுவினால் அந்த நிமிசமே மாட்யூல் முடிஞ்சுது. இதை வாசிக்கிற வேற ஆக்களுக்கும் சேர்த்துச் சொல்லுறன், பற்றரியில எந்த முனை வண்டிப் பொடியில பூட்டியிருக்கு எண்டு பாத்திட்டு வாங்குங்கோ.

அலைவரிசை
நான் மெக்கானிக் இல்லை, ஹாம் ரேடியோக்காரன். அந்தக் கரகர சத்தமும் முள் குதிப்பதும் அண்ணன் தம்பிகள் என்று படுகிறது.

பிளக்கில் தீப்பொறி விழும் ஒவ்வொரு முறையும் செம்புக் கம்பி ஒரு ஏரியல் ஆகிவிடுகிறது. ரேடியோ அதைக் கேட்கிறது, பக்கத்தில் ஓடும் ஆர்பிஎம் வயரும் கேட்கிறது. கார்பன் மையம் கொண்ட சப்ரஷன் வயர் போட்டால் அந்த வீச்சு அடங்கும். பிளக்கும் ரெசிஸ்டர் வகையாக இருக்கட்டும். குறியீட்டின் நடுவில் "ஆர்" எழுத்து இருக்கும், உள்ளே சுமார் 5 கிலோ ஓம். செம்புக் கம்பியில் தீப்பொறி பலமாக வரும் என்பது தெருவில் சொல்வது. காற்றிடைவெளியைத் தாண்ட ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டியிருக்கும் இடத்தில் இந்த ரெசிஸ்டரால் நீங்கள் இழப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

ஆர்பிஎம் மீட்டரைப் பற்றி. அது எண்ணுவது காயில் நெகட்டிவில் வரும் துடிப்பை. நாலு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக்கில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. 800 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 1600. ஆனால் காயில் அறுபடும் கணத்தில் அந்த முனையில் 12 வோல்ட் அல்ல, 200, 300 வோல்ட் எகிறி, மணி அடித்தது போல அதிர்ந்து அடங்கும். மீட்டர் அந்த அதிர்வையும் சேர்த்து எண்ணினால் முள் குதிக்கும். காயில் பக்கத்திலேயே ஆர்பிஎம் வயரில் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள். வயர் பிளக் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்து, ஃபயர்வாலின் (இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகடு) வேறு ஓட்டை வழியாகக் கொண்டு போங்கள். மீட்டருக்குப் பின்னால் 4, 6, 8 என்று சுவிட்ச் இருந்தால் 4ல் இருக்கிறதா பாருங்கள்.

ரேடியோவுக்காகச் சிலர் காயிலில் கெபாசிட்டர் போடுவார்கள். போடுவதானால் பாசிட்டிவ் பக்கம் மட்டும். நெகட்டிவில் போட்டால் துடிப்பே மழுங்கிவிடும்.

கோவை_ஆட்டோ_எலக்ட்ரிக்
அலைவரிசை சார் சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். ஆர்பிஎம் வயரை ஒரு நாள் காயிலிலிருந்து கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்க. அந்த வயர் எங்காவது தகட்டில் உரசித் தோல் போயிருந்தால் காயில் நெகட்டிவ் நேராக எர்த் ஆகும், தீப்பொறியே வராது. புது மீட்டர் போட்ட எத்தனையோ வண்டி இதனால் நடுரோட்டில் நின்று, கிட் மேல் பழி விழுந்திருக்கிறது.

சேலம்_மார்க்4
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பழைய காயில் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. 3.1 ஓம். அதையே போட்டுவிட்டேன். ஆனாலும் பாசிட்டிவ் பக்கம் 1.3 வோல்ட் தொலைந்தது, அதனால் ரிலே போட்டேன். இப்போது 0.2. கண்டென்சர் இன்னும் காயில் நெகட்டிவில் தொங்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணம் ஐயா சொன்னபடி கழற்றினேன். சப்ரஷன் வயர், ரெசிஸ்டர் பிளக், ஆர்பிஎம் வயரில் 10 கிலோ ஓம்.

சூடாகி நிற்பது போய்விட்டது. சேலத்திலிருந்து தர்மபுரி போய்த் திரும்பினேன், ஒரு முறைகூட நிற்கவில்லை. ரேடியோ சுத்தம். ஸ்லோவில் முள் 800ல் ஆடாமல் நிற்கிறது.

ஆனால் 50, 60ல் திக்குவது அப்படியே இருக்கிறது. திக்கும் அந்தக் கணத்தில் முள்ளும் 4000, 5000 என்று எகிறி விழுகிறது. ஆர்பிஎம் வயரைக் கழற்றியும் ஓட்டினேன், திக்கல் மாறவில்லை. முழுசாக மிதித்தால் திக்கல் நின்றுவிடுகிறது. மேடு ஏறினால் சுத்தமாக ஓடுகிறது.

கார்ப்_கருப்பு
லேசாக மிதிக்கும்போது திக்கல், முழுசாக மிதித்தால் இல்லை என்றால் நான் கார்ப்பரேட்டரைத்தான் சந்தேகிப்பேன். பெட்ரோல் போதாமல் லீனாக ஓடும்போது இப்படித்தான் இழுக்கும். ஜெட் அடைப்பு, மேனிஃபோல்டு கேஸ்கட் கசிவு பாருங்கள். எல்லாரும் வயரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கோவை_ஆட்டோ_எலக்ட்ரிக்
நல்ல கேள்வி, ஆனால் முள்ளைப் பாருங்க. பெட்ரோல் போதாவிட்டால் இன்ஜின் திக்கும், ஆர்பிஎம் முள் 5000க்குப் போகாது. தீப்பொறி காயிலிலிருந்து ஒழுங்காகக் கிளம்பிக்கொண்டுதான் இருக்கும். முள் எகிறுகிறது என்றால் காயிலின் கரண்டை யாரோ நேரம் தவறி அறுத்து அறுத்து விடுகிறார்கள். ஒவ்வொரு அறுப்பையும் மீட்டர் ஒரு துடிப்பாக எண்ணுகிறது.

தம்பி, ஏற்காடு விஷயத்தை முதல் பதிவிலேயே எழுதியிருந்தீங்க, நான் சரியாகக் கவனிக்கவில்லை. லேசாக மிதித்து ஓடும்போது என்ன இருக்கும், மேடு ஏறும்போது என்ன இருக்காது? வாக்வம், அதாவது இன்ஜின் உறிஞ்சும் இழுவை. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் தட்டுபோல ஒன்று இருக்கிறதே, கார்ப்பரேட்டரிலிருந்து மெல்லிய குழாய் வருமே, அந்தக் குழாயைக் கழற்றி, கார்ப்பரேட்டர் பக்க முனையை அடைத்துவிட்டு அதே ரோட்டில் ஓட்டுங்க. பிக்கப் கொஞ்சம் மந்தமாக இருக்கும், பரவாயில்லை. திக்கல் போனால் எழுதுங்க.

யாழ்_கேம்பிரிட்ஜ்
கோவை ஐயா எங்க போறார் எண்டு விளங்குது. டிஸ்ரிபியூட்டருக்குள்ள பேஸ் தட்டு இரண்டு. கீழ்த் தட்டு அசையாது. மேல் தட்டை வாக்வம் இழுக்கேக்க அது கொஞ்சம் திரும்பும். மேல் தட்டுக்கு எர்த் போறது ஒரு சின்ன வயராலதான், விரல் நீளம்கூட இல்லை, ஒரு முனை தட்டில, மறுமுனை பொடியில ஸ்குரூவில. தட்டு திரும்புற ஒவ்வொரு முறையும் அது மடியும். வருசக் கணக்கில மடிஞ்சு உள்ளுக்குள்ள இழை அறும், வெளித்தோல் அப்பிடியே இருக்கும். உங்கட மாட்யூலுக்கு வெளியால வாற வயர் இரண்டுதான், மூண்டாவதா எர்த் வயர் இல்லை. அது இருக்கிற தட்டுத்தான் அதுக்கு எர்த். காயில் கரண்ட் முழுக்க அந்தச் சின்ன வயராலதான் திரும்பிப் போகுது.

குழாயை வாயால உறிஞ்சிக்கொண்டு மேல் தட்டுக்கும் பொடிக்கும் நடுவில ஓம் வைச்சுப் பாருங்கோ.

சேலம்_மார்க்4
ஐயா, அண்ணா, இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஓமலூர் வரை போய் வந்தேன். திக்கல் இல்லை. ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்கு வந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டாரையும் எடுத்தேன். மீட்டரின் ஒரு முனை மேல் தட்டில், ஒரு முனை உடம்பில். 0.3 ஓம், அதாவது முனைகளைக் கழித்தால் ஒன்றுமேயில்லை. குழாயை உறிஞ்சினேன். தட்டு மெல்லத் திரும்பியது. எண் 0.3லிருந்து 14க்குப் போய், மறைந்து, திரும்ப 3 என்று வந்தது. விட்டதும் மறுபடி 0.3. நாலைந்து முறை செய்தேன், ஒவ்வொரு முறையும் அதே. முதல் நாள் நான் அளந்து எழுதிய 0.08 டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் அளந்தது. உடம்பு நன்றாகத்தான் இருந்திருக்கிறது, உள்ளேயிருக்கும் தட்டுக்குத்தான் எர்த் இல்லை.

வயரைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். நூல் சுற்றிய தோல், எண்ணெய் ஊறிக் கறுத்து, வெளியே ஒரு கீறல் இல்லை. நடுவில் விரலால் மடக்கினால் மட்டும் ஒரு இடத்தில் எலும்பில்லாத மாதிரி துவண்டது. பிளேடால் கீறினேன். இழைகள் எல்லாம் அறுந்து, முனைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன, மூன்று இழை மட்டும் மிச்சம். கிட் போடும்போது நான் அதைத் தொடக்கூட இல்லை. பழைய பாயின்ட் காலத்திலேயே அறுந்துகொண்டு வந்திருக்க வேண்டும், அப்பா கடைசியாக "வண்டி லேசா இழுக்குதுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

கோவை_ஆட்டோ_எலக்ட்ரிக்
அப்பா காது நல்ல காது. புது வயருக்குச் சாதாரண வயர் போடாதீங்க, ஒரு மாதத்தில் அறும். நிறைய மெல்லிய இழை உள்ள, சிலிக்கான் தோல் போட்ட வயர் வாங்குங்க. மல்டிமீட்டர் கம்பிக்குப் போடுவார்களே அந்த வகை. முனையில் லக் வைத்து அமுக்குங்க. ஈயம் வைத்தால் வயருக்குள் ஏறி அந்த இடம் விறைத்துப்போகும், மடியும்போது அங்கேயே ஒடியும். தட்டு முழுசாகத் திரும்பினாலும் இழுபடாத அளவு நீளம் விடுங்க, ஆனால் காந்த வளையத்தில் உரசக் கூடாது. இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ரோட்டாரை மாட்டுங்க. கடைசியாக டைமிங் லைட் வையுங்க, பாயின்டிலிருந்து மாறும்போது டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) கொஞ்சம் நகரும்.

கார்ப்_கருப்பு
நான் சொன்னது தப்பு. முள்ளை வைத்துப் பிரித்தது நல்ல பாடம். என் கான்டெஸாவிலும் இன்று மாலை அந்த வயரைப் பார்க்கப் போகிறேன்.

சேலம்_மார்க்4
வயர் போட்டாயிற்று, வாக்வம் குழாயும் திரும்ப மாட்டியாயிற்று. இரண்டு நாளில் 300 கிலோமீட்டர், திக்கல் இல்லை.

ஒரே ஒரு சின்ன விஷயம். ரிலே போட்டதிலிருந்து சாவியை அணைத்தால் இன்ஜின் உடனே நிற்பதில்லை, இரண்டு மூன்று வினாடி ஓடிவிட்டு நிற்கிறது. அந்த நேரத்தில் சார்ஜிங் விளக்கு மங்கலாக எரிகிறது.

கோவை_ஆட்டோ_எலக்ட்ரிக்
மங்கலாக எரியும் அந்த விளக்கு வழியாகத்தான் கரண்ட் வருகிறது. ஆல்டர்னேட்டர் இன்னும் சுற்றுகிறது, அதன் விளக்கு முனையிலிருந்து கரண்ட் பின்னோக்கி வந்து ரிலேயைப் பிடித்து வைக்கிறது. ரிலேக்குக் கொஞ்சம் கரண்டே போதும். விளக்கிலிருந்து ஆல்டர்னேட்டருக்குப் போகும் வயரில் கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்று போடுங்க, வெள்ளைக் கோடு ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கட்டும். ஐந்து ரூபாய்க்குள் முடியும்.

சேலம்_மார்க்4
போட்டேன் அண்ணா. சாவியைத் திருப்பியதும் நிற்கிறது. சார்ஜிங் விளக்கும் ஆன் செய்யும்போது முன்போலவே எரிகிறது. அறுந்த அந்தத் துண்டு வயரை டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.